அணையே... நிரம்பாதே! வெள்ளியங்கிரி முதல் காவிரி வரை ஒரு நொய்யல் பயணம்

அணை நிரம்பினால் விவசாயிகள் என்ன செய்வார்கள்? பூத் தூவுவார்கள், பொங்கல் வைப்பார்கள், மதகைத் திறக்க அமைச்சர் வருவார். ஆனால், கொங்கு மண்டலத்தில் ஓர் அணை இருக்கிறது. அதில் தண்ணீர் நின்றால் சுற்றுவட்டார விவசாயிகளுக்குத் தூக்கம் போய்விடும். 'தண்ணியைத் தேக்காதீங்க' என்று அவர்கள் போராடினார்கள், கோர்ட் படியேறினார்கள்.

அந்த அணையின் பெயர் ஒரத்துப்பாளையம். அது நிற்கும் ஆறு நொய்யல்.

ஏன் இப்படி ஆனது? பதில் தெரிய வேண்டுமானால் அணைக்கட்டில் நின்றால் போதாது. ஆறு பிறக்கும் இடத்தில் இருந்து வர வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என நான்கு மாவட்டங்கள், சுமார் 160 கிலோமீட்டர். நீர் மாசு, நில மாசு, காற்று மாசு, ஒலி மாசு என்று பள்ளிப் புத்தகத்தில் தனித்தனியாகப் படித்ததெல்லாம் இந்தக் கரையில் பஸ் ஸ்டாப் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கூடவே, அவற்றைச் சமாளிக்க மனிதர்கள் கண்டுபிடித்த வழிகளும்!

மலையடிவாரம்: கூழாங்கல் தெரியும் தண்ணீர்

கோவைக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரிப் பகுதியில் சின்னச் சின்ன ஓடைகளாகத்தான் நொய்யல் தொடங்குகிறது. கோவைக் குற்றாலம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பாறைகளுக்கு நடுவே ஓடும் தண்ணீரில் அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம். கால் வைத்தால் ஜில்லென்று ஏறும்.

இங்கே ஆற்றுக்கு ஒரே எதிரி, நாம் கையில் கொண்டுபோகும் பிளாஸ்டிக். வெள்ளியங்கிரி ஏழு மலை ஏறும் சீசனில் அடிவாரத்தில் வனத்துறை பைகளைச் சோதனை போடுகிறது. தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி, சிறு தொகையை டெபாசிட்டாக வாங்கிக்கொள்கிறது. இறங்கி வரும்போது பாட்டிலைக் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். ஒரு சின்ன ஸ்டிக்கர்தான். ஆனால், மாசு மேலாண்மையின் முதல் பாடம் அதில் இருக்கிறது: குப்பை விழுந்த பிறகு பொறுக்குவதைவிட, விழாமல் பார்த்துக்கொள்வது சுலபம், செலவும் குறைவு.

பேரூர்: படித்துறையில் விடும் துணி

மலையை விட்டு இறங்கியதும் சித்திரைச்சாவடி அணைக்கட்டு. பழங்காலத்திலேயே நொய்யலின் குறுக்கே வரிசையாகத் தடுப்பணைகள் கட்டி, வாய்க்கால் வெட்டி, குளங்களுக்குத் தண்ணீரைத் திருப்பியிருக்கிறார்கள். ஒரு குளம் நிரம்பினால் அடுத்த குளத்துக்குப் போகும். மழைக்காலத்தில் மட்டும் துள்ளும் ஆற்றை வருஷம் முழுக்கப் பயன்படுத்த முன்னோர் போட்ட கணக்கு இது.

அடுத்து பேரூர். 'மேலைச் சிதம்பரம்' என்று கொண்டாடப்படும் பட்டீஸ்வரர் கோயில். நொய்யலுக்குக் காஞ்சிமாநதி என்ற பழைய பெயரும் உண்டு. அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கவும், ஆடிப்பெருக்குக்குக் கன்னிமார் பூஜை செய்யவும் இந்தப் படித்துறைக்குக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள்.

பூவும் அரிசியும் ஆற்றுக்குப் புதிது இல்லை. அவை மட்கிவிடும், மீன் தின்றுவிடும். ஆனால் 'பாவம் தொலையட்டும்' என்று ஆற்றில் விடும் பழைய துணி, பாலிதீன் கவர், ஷாம்பு பாக்கெட் எல்லாம் அப்படியே கிடக்கும். நம் பாட்டி காலத்து வேட்டி பருத்தி. இன்றைய துணியில் பாதிக்கு மேல் பாலியஸ்டர். சடங்கு மாறவில்லை, சாமான் மாறிவிட்டது. அதைப் புரிந்துகொண்டு, துணியைப் படித்துறையிலேயே தொட்டி வைத்துச் சேகரித்தாலே பாதிப் பிரச்னை தீரும்.

கோவை: குளத்தைப் பிடித்த ஆகாயத்தாமரை

பேரூரைத் தாண்டினால் நகரம். செல்வம்பதி, செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம்... கோவைக்குள் இத்தனை குளங்கள் இருப்பதே நொய்யலின் தயவால்தான்.

குளத்தில் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி ஆகாயத்தாமரை படர்ந்திருந்தால், செல்பி எடுக்க அழகாகத்தான் இருக்கும். ஆனால், அது குளம் சொல்லும் நோய் அறிகுறி. வீட்டுச் சாக்கடையில் இருக்கும் நைட்ரஜனும், சோப்புத்தூளில் இருந்து வரும் பாஸ்பரஸும் அந்தச் செடிக்கு உரம். அது படர்ந்தால் வெயில் உள்ளே இறங்காது. கீழே அழுகும் கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மீன் மூச்சு முட்டிச் செத்து மிதக்கும். குளத்தில் யாரும் விஷம் கலக்கவில்லை. நாம் குளித்த, துவைத்த, கழுவிய தண்ணீர்தான் அது!

மருந்தும் இங்கேயே இருக்கிறது. உக்கடத்தில் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் திறனுள்ள நிலையம் இயங்குகிறது. 2013-ம் ஆண்டில் உக்கடம் பெரியகுளத்தைத் தூர்வாரப் பொதுமக்கள் மண்வெட்டியும் கூடையுமாக இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு வந்து மண் சுமந்தவர்கள் ஏராளம். சிங்காநல்லூர் குளம் நகர்ப்புறப் பல்லுயிர் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டு, பறவை பார்க்கவும் மரம் படிக்கவும் பள்ளிப் பிள்ளைகள் வரும் இடமாகியிருக்கிறது.

நகரத்தின் இன்னொரு முகம் வெள்ளலூர். ரோமானிய நாணயங்கள் கிடைத்த பழம்பெரும் ஊர். இன்று கோவைக்காரர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னால் குப்பைக் கிடங்குதான் நினைவுக்கு வரும். சாப்பாட்டு மிச்சம், பிளாஸ்டிக், டயபர், பேட்டரி எல்லாம் ஒன்றாகக் குவிந்தால், அடியில் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயு வரும். வெயில் காலத்தில் ஒரு பொறி போதும். 2024 ஏப்ரலில் இங்கே பற்றிய தீயை அணைக்கவே பல நாள்கள் ஆயின. புகை காற்றைக் கெடுக்கும். மழை பெய்தால் குப்பையில் ஊறிய கறுப்புத் தண்ணீர் நிலத்தடிக்குப் போகும். ஒரே குப்பை மேடு, நிலம், காற்று, நீர் மூன்றையும் கெடுக்கிறது.

பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, மண்ணைத் தனியாகவும் பிளாஸ்டிக்கைத் தனியாகவும் பிரிக்கும் 'பயோமைனிங்' வேலை இங்கே நடக்கிறது. ஆனால், சமையலறையிலேயே இரண்டு பக்கெட் வைத்திருந்தால் இந்த வேலைக்கே அவசியம் வந்திருக்காது.

சோமனூர்: சத்தமும் ஒரு கழிவுதான்

சூலூர் தாண்டி சோமனூர், சாமளாபுரம் பக்கம் வந்தால் ஆற்றைப் பார்ப்பதற்கு முன்பே காதுக்கு ஊர் தெரிந்துவிடும். தடக்... தடக்... என்று விசைத்தறிகள். பகலும் இரவும் ஓடும் அந்தத் தறிகளை நம்பித்தான் இங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்கள்.

குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபலுக்கு மேல் சத்தம் இருக்கக் கூடாது என்கிறது சட்டம். தறிக்கூடத்துக்குள் சத்தம் இதைவிடப் பல மடங்கு. தறியில் நிற்பவர்கள் ஒருவருக்கொருவர் ஜாடையிலேயே பேசிக்கொள்வது பழகிப்போன விஷயம். காது ஒரே நாளில் போவதில்லை. வருஷக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகும். பஞ்சுத் தூசியும் அப்படித்தான். நூற்பாலைகளில் நீண்ட நாள் வேலை செய்பவர்களின் நெஞ்சில் தங்கி மூச்சுத்திணறலைக் கொண்டுவரும்.

தறிக்கு அடியில் ரப்பர் பேட், காதுக்கு அடைப்பான், தூசியை உறிஞ்சும் ஃபேன், மூக்குக்கு மாஸ்க் என்று தீர்வுகள் எல்லாம் சின்னவைதான். ஆனால், கண்ணுக்குத் தெரியாத மாசு என்பதால் இதற்காக யாரும் போராட்டம் நடத்துவதில்லை.

திருப்பூர்: குற்றவாளி நிறம் அல்ல, உப்பு!

'இந்த சீசனில் வெளிநாட்டில் என்ன கலர் ஃபேஷன் என்று தெரியணுமா? நொய்யலைப் போய்ப் பாரு' என்று திருப்பூரில் ஒரு காலத்தில் கிண்டலாகச் சொல்வார்கள். ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம், ஒரு நாள் கறுப்பு என்று ஆறு ஓடியது. பனியனும் டி-ஷர்ட்டும் கப்பல் ஏறின. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் இது. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களில் இருந்தும், வட மாநிலங்களில் இருந்தும் பிழைக்க வந்தவர்களுக்குச் சோறு போடும் ஊர்.

எல்லோரும் நிறத்தைப் பார்த்துப் பயந்தார்கள். உண்மையான வில்லன் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரில் கரைந்திருந்தது. அது உப்பு.

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது ஒரு சிக்கல். தண்ணீரில் நனைந்த பருத்தி இழைக்கும் எதிர்மின்சுமை, சாயத்துக்கும் எதிர்மின்சுமை. இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளும். நடுவில் உப்பைக் கொட்டினால்தான் அந்தத் தள்ளுதல் குறைந்து, சாயம் துணியில் ஏறும். அடர் நிறம் வேண்டுமென்றால், ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோவுக்கும் மேல்கூட உப்பு தேவைப்படும். வேலை முடிந்ததும் சாயம் துணியோடு போய்விடும். உப்பு? போட்டது போட்டபடி தண்ணீரில் நிற்கும்.

நிறத்தைச் சுண்ணாம்பும் ரசாயனமும் போட்டு வெளுக்க வைத்துவிடலாம். பழைய சுத்திகரிப்பு நிலையங்கள் அதைத்தான் செய்தன. வெளியே வந்த தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும். உப்பு மட்டும் அப்படியே இருக்கும். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில்தான் 2,000 வரை அனுமதி. தொழிற்சாலைகள் வெளியேற்றும் நீருக்கு 2,100 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருந்தார்கள். நொய்யலில் அந்த வரம்பு பல ஆண்டுகள் காற்றில் பறந்தது.

ஒரத்துப்பாளையம்: உப்பைத் தேக்கிய அணை

இப்போது அந்த அணைக்கு வருவோம். சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் நடுவே, கொழுக்கட்டைப் புல் முளைக்கும் கொறங்காடுகளும் காங்கேயம் மாடுகளும் உள்ள வறண்ட பூமி. இங்கே 10,000 ஏக்கருக்கு மேல் பாசனம் கிடைக்கும் என்று சுமார் 16 கோடி ரூபாயில் கட்டிய அணை, 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது.

அதே ஆண்டுகளில்தான் திருப்பூரின் ஏற்றுமதி ராக்கெட் வேகத்தில் ஏறியது. மேலே சாயப்பட்டறைகள் விட்டதெல்லாம் கீழே அணையில் வந்து நின்றது. வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அணை ஒரு பெரிய உப்புப் பாத்தி மாதிரி ஆனது. தேங்கிய தண்ணீர் நிலத்தடியில் இறங்கி, சுற்றியுள்ள கிணறுகளைக் கரிக்க வைத்தது. தென்னை மட்டை காய்ந்தது. வாழையும் மஞ்சளும் வைத்த தோட்டங்களில் மண் பூத்து வெள்ளையாகப் படிந்தது. மாடு குடிக்க மறுத்த தண்ணீரை வைத்துக்கொண்டு மனிதர்கள் என்ன செய்வார்கள்? குடிக்க லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். நிலம் கையில் இருந்தும் கூலிக்குப் போனவர்கள் உண்டு. அவர்களில் பலர் கூலிக்குப் போனதும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குத்தான்!

இந்தக் கரையில் இன்னொரு ஆச்சர்யம் இருக்கிறது. அணைக்கு அருகிலேயே நொய்யலின் வடகரையில் இருப்பது கொடுமணல். பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று குறிப்பிடும் ஊர். 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இரும்பு உருக்கினார்கள், பச்சைக்கல்லில் மணி செய்து விற்றார்கள். அகழாய்வில் தமிழ்-பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. ஆக, நொய்யல் கரைக்குத் தொழிலும் ஏற்றுமதியும் புதிதல்ல. புதிதாக வந்தது, ஆறு தாங்க முடியாத அளவு.

லிட்டருக்கு 6 காசு

ஆயக்கட்டு விவசாயிகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் வந்த தீர்ப்பு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு மாற ஆலைகளுக்குக் கெடு வைத்தது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 காசு, அப்புறம் 8 காசு, பிறகு 10 காசு என்று அபராதமும் விதித்தது. 'கெடுத்தவரே காசு கொடுக்க வேண்டும்' என்ற கொள்கை, காசுக் கணக்கில் நொய்யலுக்கு வந்தது இப்படித்தான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2009-ல் அங்கேயும் தீர்ப்பு விவசாயிகள் பக்கம்.

அதன் பிறகும் ஆறு மாறவில்லை. 2011 ஜனவரி 28-ம் தேதி, எல்லாச் சாய ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. 700-க்கும் மேற்பட்ட ஆலைகள் ஒரே அடியில் நின்றன.

கீழே விவசாயிகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். மேலே திருப்பூரில் சாயப்பட்டறைத் தொழிலாளர்கள் மூட்டை கட்டினார்கள். துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் ஏற்றியதில் செலவு எகிறியது. சில பட்டறைகள் ரகசியமாக வேறு மாவட்டங்களுக்கு நகர்ந்து, அங்குள்ள நீர்நிலைகளுக்கு ஆபத்தைக் கொண்டுபோயின. யாருக்கு வயிறு, யாருக்கு வாய்க்கால் என்று கேள்வி இரண்டாகப் பிளந்து நின்றது. இரண்டுமே நியாயம்.

உப்பைத் திரும்பப் பிடிக்கும் வித்தை

விடை தொழில்நுட்பத்தில் இருந்து வந்தது. தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஒவ்வொன்றாக 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறைக்கு மாறின. இன்று திருப்பூரில் 18 பொது நிலையங்கள் இப்படி இயங்குகின்றன. தனியாகவே நிலையம் வைத்திருக்கும் ஆலைகளும் உண்டு.

உள்ளே நடப்பது இதுதான். முதலில் நுண்ணுயிர்கள் சாயத்தையும் அழுக்கையும் தின்கின்றன. பிறகு, நம் வீட்டு வாட்டர் ஃபில்டரில் இருக்கும் அதே ஆர்.ஓ. முறை, ராட்சத சைஸில். பத்துப் பங்கில் ஒன்பது பங்கு அளவுக்கு நல்ல தண்ணீர் திரும்பக் கிடைக்கிறது. மிஞ்சும் கரிப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கினால் உப்பு கிடைக்கிறது. அந்தத் தண்ணீரும் உப்பும் மறுபடி சாயம் ஏற்றப் போகின்றன. உப்பை ஆற்றில் கொட்டியவர்கள், இப்போது அதே உப்பை மீட்டுப் பயன்படுத்துகிறார்கள்!

ஆனால், கதை இங்கே 'சுபம்' ஆகவில்லை. தண்ணீரைக் கொதிக்க வைக்க விறகும் மின்சாரமும் நிறைய வேண்டும். பாய்லர் புகையைக் கட்டுப்படுத்தாவிட்டால், தண்ணீரில் இருந்த மாசு காற்றுக்கு ஏறிவிடும். பல உப்புகள் கலந்து, பயன்படுத்த முடியாமல் மிஞ்சும் கலப்பு உப்பு குடோன்களில் தேங்குகிறது. சேற்றுக் கழிவைச் சிமென்ட் ஆலைகளின் சூளைக்கு அனுப்புகிறார்கள். மாசு சும்மா மறைந்துவிடாது, உருவம் மாறும். அது போகும் இடமெல்லாம் ஒரு காவல் தேவை.

செலவும் கூடுகிறது. இந்தக் கட்டுப்பாடு இல்லாத இடங்களில் சாயம் ஏற்றுபவர்களோடு விலையில் போட்டி போடுவது திருப்பூருக்குச் சிரமம். மலிவான டி-ஷர்ட் தேடும் நம் கையும் இந்தக் கணக்கில் இருக்கிறது.

இன்னொரு உண்மையும் வெளியே வந்திருக்கிறது. சாயக் கழிவு குறைந்த பிறகும் நொய்யல் நுரைக்கிறது. வீட்டுச் சாக்கடை பெரும் பங்கு வகிக்கிறது. இதோடு, மழை இரவுகளில் யாருக்கும் தெரியாமல் திறந்து விடப்படும் கழிவும் சேர்கிறது. முன்பு எல்லாப் பழியையும் சாயத்தின் மேல் போட முடிந்தது. இப்போது முடியாது.

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. திருப்பூர் அருகே நல்லாற்றின் போக்கில் இருக்கும் நஞ்சராயன் குளம், பறவைகள் சரணாலயமாகி, 2024 ஆகஸ்டில் சர்வதேச ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. பனியன் நகரத்தின் வாசலில், குளிர்காலத்தில் கடல் தாண்டி வரும் பறவைகள் இறங்குகின்றன. வாரக் கடைசியில் பைனாகுலரோடு பிள்ளைகள் நிற்கிறார்கள்.

காவிரி: பயணம் முடியும் இடம்

கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற பெயரிலேயே ஓர் ஊர். அங்கே ஆறு காவிரியோடு கலக்கிறது. மலையில் சேர்ந்த தெளிவும், படித்துறையில் சேர்ந்த துணியும், நகரத்தில் சேர்ந்த சோப்பு நுரையும், பட்டறையில் தப்பிய உப்பும் எல்லாம் இங்கே காவிரிக்குச் சீதனம். அதற்குக் கீழே காவிரித் தண்ணீரைக் குடிக்கும் ஊர்கள் எத்தனையோ.

ஒரத்துப்பாளையத்தில் இப்போது தண்ணீரைத் தேக்குவதில்லை. வருவது மதகு வழியே போய்விடுகிறது. மழைக்காலத்தில் முதல் வெள்ளம் வரும்போது, 'இந்தத் தண்ணியில உப்பு எவ்வளவுங்க?' என்ற கேள்வியோடுதான் கீழ்க்கரை விவசாயிகள் காத்திருக்கிறார்கள். அந்த அணை நிரம்பி, அதற்குப் பொங்கல் வைக்கும் நாள் என்றைக்கு வருகிறதோ, அன்றைக்குத்தான் நொய்யல் பிழைத்தது என்று அர்த்தம்.

உங்கள் வீட்டிலிருந்து நொய்யலுக்கு...

எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் சாக்கடை ஏதோ ஓர் ஆற்றுக்குத்தான் போகிறது. இன்றே தொடங்க சில வழிகள்:

* மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான குப்பை (பேட்டரி, பல்பு, காலாவதி மருந்து) என மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள்.
* சோப்புத்தூளை அளந்து போடுங்கள். நுரை அதிகம் வந்தால் அழுக்கு அதிகம் போகும் என்பது வெறும் நம்பிக்கைதான்.
* சமையல் எண்ணெயை சிங்க்கில் ஊற்றாதீர்கள். குப்பையை, குறிப்பாகப் பிளாஸ்டிக்கை, தெருவில் எரிக்காதீர்கள்.
* கடைக்குப் போகும்போது மஞ்சப்பை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை.
* ஆற்றில் நிறமோ நுரையோ நாற்றமோ தெரிந்தால் போட்டோ எடுத்து, நேரத்தையும் இடத்தையும் குறித்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.
* ஒரு டி-ஷர்ட்டை இன்னும் ஒரு வருஷம் கூடுதலாக உடுத்துங்கள். அதற்கான உப்பு மிச்சம்!